சர்வரை விடுங்க, லேப்டாப்பைத் திறங்க

ஜென்கின்ஸுக்கு பிளகின் எழுதப் போறீங்களா? டிபார்ட்மென்ட் சர்வரோட அட்மின் பாஸ்வேர்டு கையில இருக்குங்கிறதுக்காக அங்கேயே சோதிச்சுப் பாக்காதீங்க, ப்ளீஸ்.

வழக்கமா நடக்கிறது இதுதான். கோடில் ஒரு வரி மாத்துவோம். மேவனில் பேக்கேஜ் பண்ணி, வர்ற எச்பிஐ ஃபைலை சர்வரில் ஏத்துவோம். ஏற்கெனவே இருக்கிற பிளகினோட புது வெர்ஷன் ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் வேலைக்கு வரும். உடனே ரீஸ்டார்ட். அந்த நேரத்தில் ரிவ்யூவுக்காக பில்ட் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிற ஜூனியரோட கதி?

2004-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கொசுகே கவாகுச்சி இதை ஹட்சன் என்ற பேரில் ஆரம்பிச்சதே, தன் கோடால டீமோட பில்ட் உடைஞ்சு திட்டு வாங்கி அலுத்துப்போய்தான். 2011-ல் அது ஜென்கின்ஸ் ஆச்சு. அதை வெச்சே அடுத்தவங்க பில்டைக் கெடுக்கலாமா?

பிளகின் ஃபோல்டரில் நின்னு 'எம்விஎன் எச்பிஐ:ரன்' கொடுங்க. உங்க லேப்டாப்பிலேயே, 8080 போர்ட்டில், முழு ஜென்கின்ஸ் எழுந்து நிக்கும், உங்க பிளகினோட. ஜாப், செட்டிங்ஸ் எல்லாம் 'வொர்க்' என்ற ஃபோல்டரில் இருக்கும். கெட்டுப்போச்சா, அதை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க. ஜெல்லி பக்கத்தை மாத்தினா பிரவுசரை ரிஃப்ரெஷ் பண்ணினாலே போதும். ஜாவாவைத் தொட்டா நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டணும். முதல் தடவை மேவன் ஊரையே டவுன்லோட் பண்ணும், அதை வீட்டு வைஃபையில் முடிச்சுடுங்க.

என் பிளகின், டெஸ்ட் ஏன் நின்னுதுன்னு தமிழில் சொல்லும். எங்க லேபில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஜூனியர்ஸ் நிறைய. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், என் தமிழ் சமையலறைத் தமிழ். முதலில் 'தோல்வி'ன்னு போட்டேன். மயிலாப்பூர் வீட்டில் பாட்டி ஸ்கிரீனை எட்டிப் பார்த்துட்டு, "யாருடா ஃபெயிலாயிட்டா?"ன்னு கேட்டாங்க. வாழ்க்கையில் முதல் பில்ட் போடுற பையன் சிவப்பு எழுத்தில் அதைப் படிக்கணுமா? மாத்தினேன், ரிஃப்ரெஷ். திருப்தியில்ல, திரும்ப மாத்தினேன். 29சி-யில் சீட் கிடைச்ச நாளெல்லாம் அடையாறு வர்றவரைக்கும் இதே வேலை. கடைசியில் நின்ன வாக்கியம்: 'மூணாவது டெஸ்டில் நிக்குது, இந்த வரியைப் பாருங்க.' ஒவ்வொரு தடவையும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும்னா 'தோல்வி'யோடவே விட்டிருப்பேன்.

ஆனா கண்ணால பார்த்தது மட்டும் போதாது. ஜென்கின்ஸ்ரூல் வெச்சு ஜேயூனிட் டெஸ்ட் எழுதினா, டெஸ்டுக்குள்ளேயே ஒரு தற்காலிக ஜென்கின்ஸ் வந்து, பில்ட் ஓட்டிட்டுப் போயிடும். இன்னொண்ணு, எச்பிஐ:ரன் எடுக்கிறது உங்க பாம் ஃபைலில் எழுதியிருக்கிற ஜென்கின்ஸ் வெர்ஷனை. சர்வரில் ஓடுறது வேறயா இருக்கலாம். அந்த நம்பரைப் பார்த்து, அதையே கொடுத்து ஒரு தடவை ஓட்டுங்க.

அப்புறம் சர்வரில் ஏத்துங்க. அதுவும் ரிவ்யூ வாரத்தில் வேண்டாம்.