சிரிப்பு எங்கே தவறியது?

பிறரைக் கேலி செய்வது எளிது. அந்தக் கேலியால் சிரிக்க வைப்பது அரிது. எதைக் கேலி செய்கிறோமோ அதன் மீது ஓரளவேனும் பற்று இருந்தால்தான் கேலி நகைச்சுவையாகும். இல்லையேல் அது வெறும் சேட்டையாகவே நின்றுவிடும்.

என் தலைமுறையினர் துப்பறியும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று பெயர் பெற்ற ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் வெளிவந்தது. நாங்கள் அதைப் பழைய படமாகப் பார்த்தபோதும் அந்த மிடுக்கு எங்களைக் கவர்ந்தது. அத்தகைய துப்பறிவாளனையே கேலிப்பொருளாக்கி ஒரு படம் வருகிறதென்றால் ஆவல் எழாதா?

அந்த ஆவலோடுதான், 2022 நவம்பரில் வெளிவந்த ‘ஏஜென்ட் கண்ணாயிரம்’ படத்தைக் குரோம்பேட்டையில் பார்த்தேன். ‘ஏஜென்ட் சாய் சீனிவாச ஆத்ரேயா’ என்னும் 2019-ஆம் ஆண்டுத் தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவம் அது. நாயகன் சந்தானம், தாம்பரத்தை அடுத்த பொழிச்சலூரில் பிறந்தவர். ‘லொள்ளு சபா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அறியப்பட்டவர். தமிழ்ப் படங்களின் வசனத்தையும் நடையையும் நுணுக்கமாக அறிந்து அவற்றைப் பகடி செய்த நிகழ்ச்சி அது. அந்தப் பற்று இருந்ததால் வீடே சிரித்தது. இந்தப் படத்திலோ அரங்கம் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தது.

குறை நடிகரிடம் இல்லை. தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண இயலாத மகன், தண்டவாளத்தின் ஓரம் கிடக்கும் அடையாளம் தெரியாத சடலங்கள் என இரு பெருந்துயரங்கள் கதையில் உள்ளன. படம் எந்தத் துயரத்திலும் நிலைகொள்ளவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஒரு கிண்டல், சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு சோக இசை.

மின்ரயில் பாதையை ஒட்டி வாழும் நமக்குத் தண்டவாளச் சாவு வெறும் கதையன்று. காணாமற்போன மகனின் புகைப்படத்தை ஏந்தி, காவல் நிலையத்திற்கும் மருத்துவமனைப் பிணவறைக்கும் அலைந்த தாய் ஒருவரோடு நானும் சென்றிருக்கிறேன். பெயரற்ற சடலம் ஒவ்வொன்றிற்கும் எங்கோ ஒரு தாய் காத்திருக்கிறாள்.

அப்படியானால் சாவின் அருகே சிரிக்கவே கூடாதா? கூடும். தோபித்து நூலை எண்ணிப் பாருங்கள். கேட்பாரற்ற பிணங்களை உயிருக்கு அஞ்சாது அடக்கம் செய்தவர் தோபித்து. அதே நூலில், இரகுவேல் தம் மருமகன் மணநாள் இரவிலேயே இறந்திருப்பான் என்று அஞ்சி, இரவோடு இரவாகக் குழி தோண்டுகிறார். விளக்கோடு சென்ற பணிப்பெண் பார்த்தால், மணமக்கள் இருவரும் அயர்ந்து உறங்குகிறார்கள்! விடியுமுன் குழியை மூடச் சொல்கிறார் மாமனார்.

நாம் புன்னகைக்கிறோம். ஏன்? ஏற்கெனவே ஏழு மாப்பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த வீட்டின் அச்சத்தை நூலாசிரியர் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. அச்சம் மெய்யானது, ஆகவே அதிலிருந்து விடுபட்ட சிரிப்பும் மெய்யானது.

அன்பு வாசகர்களே, துக்க வீட்டிலும் சிரிக்க வைக்கும் பெரியவர் ஒருவர் நம் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். கவனித்துப் பாருங்கள்: இறந்தவருக்காக முதலில் அழுதவரும் அவராகவே இருப்பார்.