கல்வெட்டு ஊரில் 11,000 வோல்ட்!

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போவது வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தேர்தல் கதையைக் கேட்டுவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அதே கல்வெட்டில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் இருக்கிறது. கரை உடைந்த பிறகு ஆள் தேடவில்லை; ஆண்டுதோறும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தார்கள்.

இந்தப் பழக்கத்தை இன்றும் விடாத ஒரு கூட்டம் உண்டு. ஹாம் ரேடியோக்காரர்கள்! மத்திய அரசின் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் கருவியில் உலகத்தோடு பேசுகிறவர்கள். 12 வயது நிரம்பினாலே தேர்வு எழுதலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று, பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்தமானிலிருந்து தகவல்கள் வெளியே வர அவர்களின் கருவிகள் உதவின.

உத்திரமேரூர் போன்ற ஊர் ஹாம்களுக்குப் பிடிக்கும். வானை மறைக்கும் கட்டடங்கள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. 40 மீட்டர் அலைவரிசைக்கு 20 மீட்டர் நீளக் கம்பி ஒன்று போதும். இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கட்டிவிடலாம்.

அங்கேதான் முதல் ஆபத்து. வயல்களின் மேல், தட்டுகளை அடுக்கியதுபோன்ற பீங்கான்களில் மூன்று கம்பிகள் போகின்றனவே, அது பெரும்பாலும் 11,000 வோல்ட் லைன். கல்லில் நூல் கட்டி மரத்துக்கு மேலே வீசும்போது, குறி கொஞ்சம் தவறினால் போதும். ஏரியல் கம்பத்தின் உயரத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தூரம் மின்கம்பியிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஈர நூலும் மின்சாரத்தைக் கடத்தும்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது, சென்னையோடு காஞ்சிபுரம் மாவட்டமும் இருளில் மூழ்கியது. இப்படிப்பட்ட இரவில் ஒருவர் ஜெனரேட்டரை வாங்கிவந்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு சாக்கெட்டில் சொருகுகிறார் என்று வையுங்கள். விளக்கு எரியும், ரேடியோ பேசும். கூடவே மின்சாரம் மீட்டர் வழியாகப் பின்னோக்கி ஓடி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை அடையும். 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் வந்தால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். மூன்று வயல் தள்ளி, சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பார் லைன்மேன்.

அக்கம்பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் சின்ன ஜெனரேட்டர் நின்றுவிடாதா? பல நேரம் நின்றுவிடும். ஆனால், புயலில் கம்பி அறுந்து நாலைந்து வீடுகள் மட்டும் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், நிற்காமலும் ஓடலாம்.

மருந்து எளிது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. மெயினை ஆஃப் செய்துவிட்டேன் என்பதெல்லாம் போதாது. பாட்டி டி.வி. பார்க்க வேண்டுமென்று பேரன் மறுபடி போட்டுவிடுவான்! ஜெனரேட்டர் திறந்தவெளியில், ஜன்னலை விட்டுத் தள்ளி ஓடட்டும். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

உண்மையில் ஹாமுக்கு ஜெனரேட்டரைவிட பேட்டரிதான் நல்ல தோழன். 100 வாட் கருவி பேசும்போது ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது ஒன்றுதான். மணிக்கு ஆறு நிமிடம் பேசி மீதி நேரம் கேட்டால், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைக்கொண்டே ஏறக்குறைய 17 மணி நேரம் ஓட்டலாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் பழுக்கக் காய்ந்துவிடும். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். சார்ஜ் ஏறும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வரும். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் பத்து மீட்டராவது தள்ளி நின்று, மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். செல்போன் டவரும் படுத்துவிட்டால்? அந்த நேரத்துக்குத்தான் பனைமரக் கம்பியும் பேட்டரியும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், வைரமேகத் தடாகம் என்று பழைய பெயர் கொண்ட இந்த ஊர்ப் பெரிய ஏரியின் கரையில் ஓர் இரவு பேட்டரியிலேயே நிலையத்தை நடத்திப் பாருங்கள். பெரும்பாலும் காலை வாருவது ரேடியோ அல்ல. துருப்பிடித்த ஒரு கிளிப்பாகத்தான் இருக்கும்.