குடியாத்தத்தில் ஒரு பழைய ஜக்குஸி

குடியாத்தம் ரயில் நிலையம் இருப்பது மேலாலத்தூரில். ஊருக்குள் போக சுமார் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போனேன். கைலி வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்ட ஒரு பெரியவர், மூட்டுவலிக்காக, வெந்நீர் சுழலும் பழைய ஜக்குஸி தொட்டி வாங்கிப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உப்புத் தண்ணீர் ஊரில் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

"வா தம்பி, பின்பக்கம் வந்துடு" என்று குரல் கொடுத்தார். தகரக் கொட்டகைக்குக் கீழே நாலு பேர் உட்காரும் அக்ரிலிக் தொட்டி. சென்னைப் பக்கம் மூடிய ஒரு விடுதியிலிருந்து வந்ததாம். தொட்டி அறுபதாயிரம், லாரி, கான்கிரீட் தரை, ஒயரிங் எல்லாம் சேர்த்து அதே அளவு இன்னொரு முறை.

மொட்டைமாடியில் வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டிருக்கிறார். கொத்தனார் முடியாது என்றுவிட்டாராம். அவர் சொன்னது சரி. டேப் பிடித்துப் பார்த்தேன், பக்கத்துக்கு இரண்டு மீட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் ஒன்றரை டன். சதுர மீட்டருக்கு 375 கிலோ ஆகிறது. நம் வீட்டு மாடிகளை 150 கிலோ கணக்கில்தான் கட்டுகிறார்கள்.

மூட்டுவலிக்கும் இந்தத் தொட்டிக்கும் பழைய உறவு உண்டு. கலிபோர்னியாவில் குடியேறி பம்பு செய்து விற்ற இத்தாலிய ஜக்குஸி சகோதரர்களில் ஒருவருடைய மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம். அவனுக்காகச் செய்த சுழல்நீர் பம்புதான் 1956-ல் விற்பனைக்கு வந்தது.

அலமாரியில் தொட்டியோடு வந்த பழைய ஹீட்டர் கிடந்தது. சுருள் முழுக்க வெள்ளைப் படலம். நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. அரை எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிப் பிழிந்ததும் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பேதான். கரைந்திருக்கும் கால்சியம், சூடு பட்டதும் கல்லாகப் படிந்துவிடுகிறது.

"இப்ப சாஃப்ட்னர் போட்டாச்சு தம்பி, டிடிஎஸ் பாதியாயிடுச்சு" என்றார். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. பையிலிருந்த மீட்டரை எடுத்தேன். போர் குழாயில் லிட்டருக்கு 1,420 மில்லிகிராம். சாஃப்ட்னருக்குப் பிறகு 1,430. குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் சோப்பு போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது: போர் தண்ணீரில் திரிதிரியாக நின்ற சோப்பு, சாஃப்ட்னர் தண்ணீரில் பொங்கி நுரைத்தது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை வைப்பதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. ஹீட்டர் பிழைக்கும். உப்பு குறையாது.

குளோரின் தாளையும் நனைத்துப் பார்த்தேன். காலையில்தான் மருந்து போட்டதாகச் சொன்னார். தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றது. சூட்டில் குளோரின் சீக்கிரம் போய்விடும். 3 பிபிஎம்முக்குக் குறைந்தால் வெதுவெதுப்பில் கிருமி பெருகும், தோலில் கொப்புளம் வரும், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லாவும் வளரும். மருந்து போட்டு மறுபடி பார்த்த பிறகே இறங்குங்கள் ஐயா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சூடு 38 டிகிரி. 40-ஐத் தாண்டவே கூடாது. தண்ணீரை 28-லிருந்து 38-க்கு ஏற்ற ஏறக்குறைய பன்னிரண்டு யூனிட் கரண்ட்.

சாஃப்ட்னரைக் கழுவும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "சும்மா தோட்டத்துக்குத்தான்." குழாய் பிடித்தபடியே நடந்தேன். முடிகிற இடத்தில் கறிவேப்பிலை மரம், இலை நுனிகள் கருகி, அடிமண்ணில் வெள்ளை பூத்திருந்தது. இது எனக்குப் பெரிதாகப் பட்டது. பாலாற்றங்கரை மண்ணைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வட்டாரம் இது. இங்கே மண்ணில் புதிதாக உப்பு கொட்ட யாருக்கும் மனம் வரக் கூடாது.

கொட்டகையை அண்ணாந்து பார்த்தேன். தகரத்தின் விளிம்பில் தாழ்வாரக் குழாய் இல்லை. மழைத் தண்ணீர் அப்படியே தரையில் விழுந்து ஓடிய தடம். அகலம் நாலு மீட்டர், நீளம் ஐந்து. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர், சுண்ணாம்பே இல்லாத தண்ணீர். முதல் மழையைக் கழித்து, ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் சாஃப்ட்னரைத் தொடவே வேண்டாம்.

பெரியவர் டேப்பை என் கையிலிருந்து வாங்கி விளிம்பைத் தானே அளந்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, பஜாரில் பிவிசி தாழ்வாரக் குழாய் அடி என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னார்.