விரல் நுனியிலுள்ள வலை



பதினையாயிரம் ரூபாய்க் கைபேசி ஒன்றைக் குறித்துப் போதகர் எழுதலாமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் "ஐயா, மகன் கேட்கிற போனை வாங்கித் தரலாமா?" என்று தாய்மார் பலர் என்னிடம் கேட்கின்றனர். பிள்ளை கேட்பது முகநூலும் வாட்ஸ்அப்பும் தடையின்றி ஓடும் கைபேசி. தாய் எண்ணிப் பார்ப்பதோ, இறால் விற்ற பணத்தில் வலைக்கும் எஞ்சினுக்கும் போக மிஞ்சுவதை. ஆகையால் இந்த வாரம் அக்கேள்வியையே சிந்திப்போம்.

நண்பர்களோடு பேசுவதற்கென்றே கைபேசி செய்யும் எண்ணம் புதியதன்று. 2011-ஆம் ஆண்டில் தைவானின் எச்.டி.சி. நிறுவனம் 'சாச்சா' என்ற நடுத்தரக் கைபேசியை வெளியிட்டது. 2.6 அங்குலத் திரை, அதன்கீழ் எழுத்து விசைகள், அவற்றோடு முகநூலுக்கென்றே ஒரு தனிப் பொத்தான். படம் ஒன்றை எடுத்தவுடன் அப்பொத்தான் ஒளிர்ந்து, பகிரும்படி அழைக்கும். 2013-இல் அதே நிறுவனம் 'ஃபர்ஸ்ட்' என்ற கைபேசியைக் கொண்டுவந்தது. திரையை எழுப்பினாலே முகநூல் தோன்றும். அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு 99 டாலருக்கு விற்கப்பட்ட அது, ஏறத்தாழ ஒரே மாதத்தில் 99 சென்டுக்கு இறங்கியது. அவ்விரு கைபேசிகளும் மறைந்துவிட்டன. ஆனால் அந்தப் பொத்தான் மறையவில்லை. இன்று எல்லாக் கைபேசிகளின் திரைக்குள்ளும் அது இருக்கிறது.

அப்படியானால் கைபேசியை எதைக்கொண்டு அளப்பது? முதலில் நம் தொழிலைக்கொண்டு அளப்போம். நண்பகல் வெயிலில் திரை தெரிய வேண்டும். காற்றின் இரைச்சலிலும் குரல் கேட்க வேண்டும். படகு திரும்பும்வரை மின்கலம் தாங்க வேண்டும். 'ஐ.பி. 67' என்று பெட்டியில் எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதே பொருள். நம் ஏரியின் உப்புநீருக்கு அது உறுதி சொல்வதில்லை. செயற்கைக்கோள் வழியாக இடமறியும் வசதி, கோபுரத் தொடர்பு எட்டாத கடலிலும் இயங்கும். ஆனால் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடங்களையும் அலையின் உயரத்தையும் அறிவிக்கிறது. இவற்றுக்குப் பயன்படுமானால் அக்கைபேசி தொழிற்கருவியே. அதற்குச் செலவிடுவது வீணன்று.

இரண்டாவது அளவு கடினமானது. அக்கருவி நம் கைக்கு எதை எளிதாக்குகிறது?

2018-ஆம் ஆண்டு மே மாதத்தை நம் ஊர் மறக்கலாகாது. குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியிருந்த நாள்களில், இதே பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டது. அன்று அடித்தவர்கள் சிலர். அச்செய்தியை அனுப்பியவர்களோ எண்ணற்றவர்கள். பிள்ளைகள் மீதுள்ள அன்பினாலேயே அனுப்பியிருப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. படங்களின் அருகிலிருந்த விரைவாய் அனுப்பும் பொத்தானையும் நீக்கியது. ஒரு நிறுவனம் ஒளிரச் செய்த பொத்தானை, ஏழு ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு நிறுவனம் அகற்ற வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, இதற்கு வேண்டிய ஒழுங்கை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர். ஏரியில் யாருடைய வலை எந்நாளில் எவ்விடத்தில் இறங்கும் என்பதை முறை வைத்துத் தீர்மானிப்பதே 'பாடு'. கைபேசிக்கும் வீட்டில் ஒரு பாடு வேண்டும். உணவு வேளையும் உறங்கும் வேளையும் அதன் பாட்டில் சேராதவை என்று குடும்பமாகத் தீர்மானியுங்கள்.

மத்தேயு 13-ஆம் அதிகாரத்தின் வலை உவமையைக் கவனியுங்கள். வலை நிறைந்தபின் அவர்கள் அதைக் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதையும் ஆகாததையும் பிரிக்கின்றனர். உட்காராமல் பிரிக்க இயலாது என்பது மடவையும் நண்டும் பிரிக்கும் உங்கள் கைகளுக்குத் தெரியும். ஒரு செய்தி வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் உட்காருங்கள். அனுப்பியவர் கண்ணால் கண்டாரா? எந்த ஊர், எந்த நாள்? செய்தியில் குற்றஞ்சாட்டப்பட்டவர் நம் சகோதரனாயிருந்தால் அனுப்புவோமா? விடை இல்லையெனில், ஆகாத மீனை எறிவதுபோல் எறிந்துவிடுங்கள்.

அம்மா, கைபேசியை வாங்கிக் கொடுங்கள். வலைக்கான பணத்தை எடுத்தோ கடன்பட்டோ வேண்டாம். அதை மகன் கையில் கொடுக்குமுன், உட்கார்ந்து பிரிக்கும் பழக்கத்தையும் அவனுக்குக் கொடுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் இல்லங்களோடிருப்பாராக.