ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாதவை

பாலம் கட்டியவரே அந்தப் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று ஷ்கோஃப்யா லோகாவில் சொல்கிறார்கள். ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவில் ரயிலேறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் சிற்றூர் இது. செல்ஷ்கா சோரா ஆற்றின் மேல் ஒற்றை வளைவாக நிற்கும் அந்தக் கல்பாலத்தை 14ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் ஆயர் லியோபோல்ட். அப்போது அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. 1381இல் குதிரை இடறியது. ஆயர் ஆற்றோடு போனார். இப்போது தடுப்பு இருக்கிறது. கூடவே நெப்போமுக் புனித யோவானின் சிலையும் இருக்கிறது. அவரும் பிராகில் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்டவர்தான். பொருத்தமான ஆளைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஊரே ஆயர்களுடையது. 973இல் பேரரசர் இரண்டாம் ஓட்டோ இந்தப் பகுதியை ஃப்ரைசிங் ஆயர் ஆபிரகாமுக்குத் தானமாகக் கொடுத்தார். ஃப்ரைசிங் இருப்பதோ ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால், பவேரியாவில். அங்கிருந்துகொண்டே 1803 வரை, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். 1511 நிலநடுக்கத்தில் இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பியவர்களும் அவர்களே. கோட்டை இன்று அருங்காட்சியகம். கீழ்ச் சதுக்கத்தில், குடியானவர்களிடம் வரியாக வாங்கிய தானியத்தைக் கொட்டி வைத்த களஞ்சியம் ஓவியர் ஃப்ரான்ட்ஸே மிஹெலிச்சின் கூடமாகிவிட்டது. வாங்கிய வரிக்கு இப்போதாவது ஏதோ திரும்பக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டை, சதுக்கம், பாலம் எல்லாம் அழகுதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரே ஒரு சுவர் போதும் என்றால் நான் ட்ஸர்ன்குரோப்பைத்தான் சொல்வேன். ஊருக்கு வெளியே, வயல்களைத் தாண்டி, காட்டோரம் நிற்கும் கோயில் அது. முன் மண்டபத்துக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு 15ஆம் நூற்றாண்டு ஓவியம். நடுவில் காயம்பட்ட கிறிஸ்து. சுற்றிலும் கட்டம் கட்டமாக, ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாதவை. நாம் அன்று செய்யும் ஒவ்வொரு வேலையும் அவர் உடம்பைக் குத்துகிறது என்பது சேதி. படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதி வைத்த தடையாணை.

வண்ணம் மங்கியிருக்கிறது, சில கட்டங்களில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். பட்டறையில் கொல்லர். நூல் நூற்கும் பெண். வேட்டைக்காரர். சூதாடுகிறவர்கள், குடிக்கிறவர்கள். வேலைக்கும் வேடிக்கைக்கும் அங்கே வித்தியாசமில்லை, எல்லாமே பாவம். வரைந்தவர் பயமுறுத்தத்தான் வரைந்தார். ஆனால் எந்த வேலை என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே! அதனால் கருவிகளையும் உடைகளையும் கை வைக்கும் விதத்தையும் பார்த்துப் பார்த்துத் தீட்டிவிட்டார். அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்று தேடி வருவது இந்தச் சுவரைத்தான். ஆயர்களின் கணக்கேடு எத்தனை மூட்டை தானியம் என்று சொல்லும். விளைவித்தவரின் கை எப்படி அசைந்தது என்று சொல்லாது.

மறுநாள் லூப்னிக் மலை ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைதான். 1025 மீட்டர் உயரம். ஆல்ப்ஸ்காரர்கள் மலை என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். பீச் மரக் காட்டுக்குள் பாதை விடாமல் ஏறுகிறது; பழைய இலைச் சருகில் கால் வழுக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நான் நிற்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டிகளும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். இந்த நாட்டில் மலையேறுவது சாகசமில்லை, சாப்பிட்ட பின் நடந்துவிட்டு வருகிற மாதிரி. உச்சியில் வடமேற்கே ஜூலியன் ஆல்ப்ஸ் வெள்ளையாக எழுந்து நின்றது. வடகிழக்கே காம்னிக் மலைகள், நடுவே தட்டையாகச் சாவா சமவெளி. மலைவிடுதியில் பார்லியும் பீன்ஸும் போட்ட கெட்டியான கஞ்சி கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் சீட்டாட்டம், பீர். அடுப்படியில் ஓர் அம்மா ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தார். நேற்றுப் பார்த்த சுவரில் பாதிக்கு மேல் அங்கேயே நடந்துகொண்டிருந்தது.

இந்த ஊரின் பெரிய சொத்து கண்ணில் படாதது. 1721இல் ரோமுவால்ட் என்ற கப்புச்சின் துறவி, புனித வெள்ளி ஊர்வலத்துக்காக இயேசுவின் பாடுகளை நாடகமாக எழுதினார். ஸ்லோவேனிய மொழியில் முழுதாகக் கிடைத்த முதல் நாடகப் பிரதி அதுதான். கணக்கேடும் சுவரும் போலத்தான் இங்கேயும்: யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்ற குறிப்புகள் லத்தீனிலும் ஜெர்மனிலும், வாய்விட்டுச் சொல்லும் வசனம் மட்டும் தெருவில் நிற்பவரின் மொழியில். 18ஆம் நூற்றாண்டிலேயே நின்றுபோன ஊர்வலத்தை 1999இல் மறுபடி தொடங்கினார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தொழில்முறை நடிகர்கள் கிடையாது. சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களே நூற்றுக்கணக்கில் வேஷம் கட்டுகிறார்கள். வசனத்தை இன்றைய மொழிக்கு மாற்றாமல் பழைய லோகாப் பேச்சிலேயே சொல்கிறார்கள். லத்தீன் குறிப்புகளை யாரும் உரக்கப் படிப்பதில்லை.