கரகரத்த குரலின் கட்சி

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப் பொழுது. வகுப்பு முடிந்த பின்னரும் வீடு செல்லாது நின்ற மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டி, "சேர், இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டோம். தகரக் கூரையில் பெய்த மழைக்கும் அவ்விசைக்கும் வேறுபாடு காண முதலில் எம்மால் இயலவில்லை. ஓயாத இரைச்சல், அதனடியில் வேகம் மாறாது ஓடும் முரசு, அனைத்துக்கும் மேலே தொண்டை கிழிந்த ஒரு குரல்.

"இது பாட்டா?" என்றோம்.

"பிளாக் மெட்டல், சேர். ரெண்டே பேரு. வீட்டுலயே பதிஞ்சது. மத்த பாட்டெல்லாம் இதுக்கு முன்னால பொய் மாதிரி இருக்கு."

அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. அவன் கேட்கச் செய்தது, நோர்வே நாட்டு டார்க்துரோன் குழு 1994-இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. மூவராயிருந்த குழு இருவராய்ச் சுருங்கிய பின் வந்த முதலாவது இசைத்தொகுப்பு அது. ஃபென்ரிஸ் என்பவர் கித்தார், முரசு முதலிய கருவிகள் யாவற்றையும் தாமே வாசித்து, நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட வீட்டுக் கருவியில் பதிவு செய்தார். நொக்டுர்னோ குல்டோ குரல் கொடுத்தார்.

இக்கரகரப்பு இயலாமையின் விளைவன்று. இதே குழு தன் முதல் தொகுப்பை, 1991-இல், ஸ்டாக்ஹோம் நகரின் பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஒழுங்காகப் பதிந்து வெளியிட்டிருந்தது. அந்த மெருகை வேண்டுமென்றே உதறிவிட்டே இவர்கள் இங்கு வந்தனர். சந்தை கேட்கும் பளபளப்பை மறுக்கும் அத்துணிவை நாம் மதிக்கின்றோம். முரட்டு ஒலி எமது மலைக்குப் புதியதுமன்று. இருள் விலகுமுன் லயன் மக்களைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்ததும், மரண வீட்டில் முழங்கியதும் நெருப்பில் காய்ச்சிய தப்பல்லவா?

ஆயின், கரகரப்பாக ஒலிப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா?

அத்தொகுப்பின் முதற் பதிப்பில், பின்னட்டையில், 'நோர்வீஜிய ஆரிய பிளாக் மெட்டல்' என்று அச்சாகியிருந்தது. எட்டுப் பாடல்களுள் நான்கிற்குச் சொற்கள் எழுதியவர் வார்க் விக்கர்னெஸ். சக இசைஞர் ஒருவரைக் கொன்றமைக்காகவும் தேவாலயங்களுக்குத் தீயிட்டமைக்காகவும் அதே 1994-இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் இவர். எதிர்ப்பு எழுந்தது, பின்னட்டைச் சொற்கள் நீக்கப்பட்டன, குழுவினரும் வருத்தம் தெரிவித்தனர். இவற்றுள் எதுவும் எம் மாணவனுக்குத் தெரியாது. தொலைபேசியில் வரும் பாட்டுக்குப் பின்னட்டை ஏது?

பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் சொல் எத்தகையது என்பதை நாம் நூல்களில் படித்தறிய வேண்டியதில்லை. 'கூலி' என்ற ஒரு சொல்லால் அளக்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அம்மாணவனும் அவ்வாறே.

இந்த ஹட்டன் வேறோர் இருவரையும் அறியும். கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்கள். 1931-இல் நடேசய்யர் ஹட்டனை நடுவாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940-இல் வெளிவந்தது. எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டுப் பாடத்தக்க எளிய சொற்கள். கச்சேரி மேடையை நாடாத பாட்டு. அதிலும் மெருகில்லை. ஆனால் அந்தக் குரல் யாருக்கு எதிராக எழுந்தது, யாரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

மெருகின்மை ஒரு கருவி, அவ்வளவே. அது கட்சியன்று. மனிதனை ஒதுக்கவும் அதே குரல் பயன்படும். ஒதுக்கப்பட்டவனை எழுப்பவும் பயன்படும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதக் கேக்கக் கூடாதா, சேர்?" என்றான்.

"கேள். பின்னட்டையையும் தேடிப் படித்துவிட்டுக் கேள்" என்றோம்.

"அந்தம்மாவோட பாட்டு?"

"அச்சில் இருக்கிறது. பாடுவதற்கு இரண்டு பேர் போதும்."