உளுந்தூர்பேட்டையில் இருபது நிமிஷம்

"பஸ் இருபது நிமிஷம் நிற்கும். காப்பி, டீ சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம்" என்று கண்டக்டர் அறிவித்தார். என் கணவர் 'சாப்பிடுகிறவர்கள்' என்ற ஜாதியைச் சேர்ந்தவர். கண்டக்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் கீழே இறங்கிவிட்டார்!

நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் போகாதவர்கள் நம்மில் யார்? திருச்சிக்குப் போகிறவர்களும் சேலத்துக்குப் போகிறவர்களும் இங்கேதான் பிரிகிறார்கள். ஆனால் ஊரைப் பார்த்தவர்கள் குறைவு. பக்கத்திலேயே உளுந்தாண்டார்கோவில் இருக்கிறது. மிளகு மூட்டையுடன் போன வியாபாரியிடம் சிவபெருமான் முதியவராக வந்து கொஞ்சம் மிளகு கேட்டாராம். "இது மிளகு இல்லை, உளுந்து" என்று அவன் பொய் சொன்னானாம். பிறகு பிரித்துப் பார்த்தால் அத்தனையும் உளுந்து! இன்றைக்கு உளுந்து விற்கிற விலையில் வியாபாரிக்கு அப்படியொன்றும் பெரிய நஷ்டமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இறங்கியது காப்பிக்காக அல்ல. கையிலிருந்த கடிகாரத்தின் வார் கழன்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியுடன் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"அடேடே! எச்.எம்.டி. சுஜாதா அல்லவா? யாருடையது அம்மா?"

"எங்கள் அம்மாவுடையது, பெரியவரே. கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது."

பெரியவர் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். குழந்தையின் மூச்சைக் கேட்பது போல இருந்தது. "ஒரு காலத்தில் பத்துக் கடிகாரம் வந்தால் எட்டு இதுவாகத்தான் இருக்கும்" என்றார்.

வாஸ்தவம்தான். 1961-ல் ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய அரசாங்க நிறுவனம் அது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேருஜி. மாப்பிள்ளைக்கு மாமனார் கொடுப்பதும், பாஸ் செய்த பிள்ளைக்கு அப்பா கொடுப்பதும் எச்.எம்.டி.தான். கேட்டவுடன் கடையில் கிடைக்காது. அதுவே ஒரு கௌரவம்!

பிறகு வந்தது குவார்ட்ஸ். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும் வேலை செய்யும். குவார்ட்ஸிலோ, பாட்டரியின் மின்சாரத்தில் ஒரு சிறு ஸ்படிகத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், 1967-லேயே ஸ்விட்ஸர்லாந்து நிபுணர்கள் மாதிரிக் கடிகாரம் செய்து பார்த்துவிட்டார்கள். செய்து பார்த்தும் பழைய சக்கரங்களை விட அங்கே பலருக்கு மனம் வரவில்லை. 1970-ல் அந்த நாட்டுக் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

நம் நாட்டிலும் அதே கதை. எச்.எம்.டி.க்குக் குவார்ட்ஸ் தெரியாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே செய்து விற்றது. ஆனால் சாவிக் கடிகாரம்தான் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததே! தொழிற்சாலைகள், யந்திரங்கள், கைதேர்ந்த தொழிலாளிகள் எல்லாம் அதற்கென்றே அமைந்திருந்தன. 1984-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டனுக்கு விடுவதற்குப் பழையது எதுவும் இல்லை. ஹோசூரில் ஆரம்பத்திலிருந்தே குவார்ட்ஸ்தான். அதன் தலைவர் ஜெர்க்ஸெஸ் தேசாய் இன்னொன்றும் செய்தார். கடிகாரத்தை நகை போல அலங்கரித்து, அழகான கடைகளில் வைத்தார். புடவைக்குத் தகுந்த கடிகாரம் வேண்டும் என்று பெண்கள் ஆசைப்படலாம் என்பதை அதுவரை யார் நினைத்தார்கள்? என்னைக் கேட்டால், ஸ்படிகத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். கடைசியில் 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட மத்திய மந்திரி சபை முடிவு செய்தது.

"நானும் அப்படித்தான் அம்மா" என்றார் பெரியவர், பின்னைப் பொருத்திக்கொண்டே. "குவார்ட்ஸ் வந்த புதிதில், 'இது கடிகாரமா, பொம்மை!' என்று திருப்பி அனுப்பினேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்குப் பாட்டரி மாற்றுவது அவமானமாக இருந்தது. பத்து வருஷம் போனபின் தெரிந்தது, அவமானப்பட்டது கை அல்ல, வயிறு என்று."

"பிள்ளைகள்?"

எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். வண்ண விளக்குகளுடன் ஒரு செல்போன் ரிப்பேர்க் கடை. "என் மகன்தான். 'அப்பா, நீங்களும் வந்து உட்காருங்கள்' என்கிறான். இப்போது யார் கையைப் பார்த்து மணி தெரிந்துகொள்கிறார்கள்? டைட்டன்காரர்களே செல்போனோடு சேர்கிற கடிகாரம் செய்கிறார்கள்."

"போகக்கூடாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் பஸ் ஹாரன் அலறியது. ஒரு கையில் முந்திரிப் பொட்டலமும் மறு கையில் வெள்ளரிப் பிஞ்சுமாக என் கணவர் ஓடி வந்தார். பெரியவர் அம்மாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பெட்டி மேல் கிடந்த தம் செல்போனைப் பார்த்து முள்ளை மூன்று நிமிஷம் முன்னால் தள்ளி என்னிடம் நீட்டினார்.